பழைய ஆம்னிக்கு ‘கியர் பாக்ஸ் ஆயுசு முடிஞ்சது’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

கோவைப் பக்கம் பழைய மாருதி ஆம்னி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். “முப்பது வருஷ வண்டிங்க சார், கியர் பாக்ஸ் இத்தனை நாள் தாங்கினதே பெருசு” என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி வண்டியை விட்டதில் எங்கள் அசல் கியர் பாக்ஸ் போனது, 22,500 ரூபாய் போனது, மலை இறக்கத்தில் குடும்பத்தோடு உயிரும் போயிருக்கும். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

வண்டி அப்பா வாங்கிய 1992 மாடல். மாருதி இந்த வேனை 1984இல் கொண்டுவந்தது, 1988இல் ஆம்னி என்று பெயர் வைத்தது, 2019இல்தான் நிறுத்தியது. 796 சிசி எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், அதன் பின்னால் நாலு கியர் பாக்ஸ், அங்கிருந்து ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்கு ஓட்டம். இதைவிட எளிமையான அமைப்பு கிடையாது. முப்பத்தைந்து வருஷம் விற்ற வண்டி என்பதால் உதிரி பாகத்துக்கும் பஞ்சம் இல்லை.

எங்கள் வண்டியில் இருந்த குறை இதுதான்: எஞ்சின் ஓடும்போது முதல் கியர் இறுக்கமாக விழும், ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழும். ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, பாக்ஸுக்குள் எல்லாம் தேய்ந்துவிட்டது, இந்த மாடல் பாக்ஸ் ஒரு லட்சம் கிலோமீட்டர்தான் தாங்கும், முழுதாக இறக்கிப் பேரிங், சின்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தை ஒன்றாக்கி அரைக்காமல் விழவைக்கும் வளையம்), ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் இறுகினால், நிறுத்தினால் சரியாக விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். ரிவர்ஸுக்கு சின்க்ரோ ரிங் கிடையாது, அதனால் அங்கேதான் சத்தம் முதலில் வரும். ஆம்னியில் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். அது நைந்துபோனாலோ, பெடலில் தொய்வு அதிகமானாலோ இதே தொந்தரவுதான் வரும். கேபிள் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை.

“ஒரு லட்சம்தான் தாங்கும்” என்ற பேச்சுக்கு வருகிறேன். கியர் பாக்ஸ் வயதால் சாவதில்லை. பல் சக்கரங்கள் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. ஆயில் ஒழுங்காக இருந்தால் அவை லேசில் தேயாது. தேய்வது சின்க்ரோ ரிங், பேரிங், கியரைத் தள்ளும் ஃபோர்க், ரப்பர் சீல். இவை எல்லாமே மாற்றக்கூடியவை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய பாக்ஸ் அதிசயம் இல்லை. சீக்கிரம் செத்த பாக்ஸ்களை விசாரித்தால் பெரும்பாலும் ஆயில்தான் காரணமாக இருக்கும். ஷாஃப்ட் சொருகும் பின்வாய் சீல் கசியும். தரையில் நாலு சொட்டுதானே என்று விடுவார்கள். கியர் பாக்ஸுக்கு எஞ்சின் மாதிரி ஆயில் லைட் கிடையாது. உள்ளே இருப்பதே ஒன்றரை லிட்டருக்குள்தான், அதில் பாதி போனால் பேரிங்குக்கு ஆயில் ஏறாது.

தவறான ஆயில் இன்னொரு காரணம். பாக்ஸுக்கு ஜிஎல்-4 ரகம், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ரகம். ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றுகிற இடங்கள் நிறைய. ஜிஎல்-5இல் கந்தகச் சேர்மங்கள் அதிகம்; சில வகை பித்தளை ரிங்கை அரிக்கும், ரிங் பிடிக்க வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். கடை அலமாரியில் என்ன கேன் இருக்கிறது என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அப்புறம், பழுதான வண்டியைப் பின் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுப்பதும் கெடுதல். எஞ்சின் ஓடாதபோது பாக்ஸுக்குள் ஆயிலை வாரி அடிக்கிற கீழ் ஷாஃப்ட் சுற்றாது, வெளிப்பக்க ஷாஃப்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வண்டி திரும்பி வந்தபோது பாக்ஸுக்குப் பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். பில்லில் ஒரே வரி: ‘கியர் பாக்ஸ் ஓவராலிங்’. பாகத்தின் பெயர் இல்லை, விலை இல்லை. பழைய பேரிங், ரிங் எங்கே என்று கேட்டேன். “அதையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சுங்க சார்” என்றார்கள். முதல் சில நாள் சத்தமே இல்லை. கியர் மட்டும் காலையில் கல் மாதிரி இருந்தது. புதுப் பேரிங் செட் ஆக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பிறகு மூன்றாம் கியரில் ஒரு ஊளைச் சத்தம் ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் வால்பாறையிலிருந்து இறங்கினோம். ஆழியார் வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிவிடும். ஒரு வளைவுக்கு முன்னால் கியர் தானாக உருவிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின் சீட்டில் அம்மாவும் என் இரண்டு குழந்தைகளும். பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். அதன் பிறகு மகளை முன்னால் உட்கார வைத்து லீவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கச் சொல்லித்தான் அடிவாரம் வந்தோம். இந்த எச்சரிக்கையை எழுத வைத்தது பணம் அல்ல, அந்த இறக்கம்.

உக்கடத்தில் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடும் முன்பு காதைத்தான் பயன்படுத்தினார். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு கிளட்சை மிதித்து மிதித்து விட்டார். மிதித்தால் சத்தம் நின்றால் பாக்ஸின் முன்பக்கப் பேரிங் சந்தேகம்; மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். பிறகு ஓட்டிப் பார்த்தார். முதல் மூன்று கியரிலும் ஊளை, டாப்பில், அதாவது நாலாம் கியரில், இல்லை. டாப் கியரில் ஓட்டம் நேராகப் போகிறது, கீழ் ஷாஃப்டுக்குச் சுமை கிடையாது. அதனால் தேய்ந்தது கீழ் ஷாஃப்ட் பக்கம் என்று இறக்காமலே சொல்லிவிட்டார். ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் ரிங், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் உருவினால் பல் முனையோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினார். வந்தது தார் மாதிரி கெட்டியான ஆயில், அதில் மரத்தூள். தேய்ந்த பல் சத்தத்தை அமுக்கிக் காட்டுவதற்குப் பழைய வண்டி விற்பவர்கள் செய்கிற வேலை இது. திறந்து பார்த்தால் பேரிங்குகள் துருவேறிப் பள்ளம் விழுந்தவை, ரிங்குகளின் உள்வரி மழுங்கிப்போனவை. ஒரு பாகம்கூடப் புதிது இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்துத்தான் வந்தது. எங்கள் பாக்ஸின் கிளட்ச் ஹவுசிங்கில் (கிளட்சை மூடியிருக்கும் கூடு), இடது கீழ்ப்பக்க போல்ட் காது ஒன்று முன்பு உடைந்து, அப்பா ஆர்கான் வெல்டிங் வைத்திருந்தார். இதில் காது முழுசாக இருந்தது. “தம்பி, இது உங்க பாக்ஸே இல்லீங்க” என்றார் பாய். நல்ல பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஏதோ உடைத்த வண்டியின் பாக்ஸைப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டிருக்கிறார்கள். கிளட்ச் கேபிளைப் பார்த்தோம். அதே பழைய கேபிள், இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடக்கூட இல்லை.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது என்று ஒரே பதில். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். ஆணையத்தில் எனக்குத் துணையாக இருப்பது வெல்டிங் வைத்த அன்று அப்பா எடுத்த ஒரு போட்டோ. நீங்களும் வண்டியை விடும் முன் பாக்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஹவுசிங்கில் பெயின்ட் மார்க்கரால் ஓர் அடையாளம் வையுங்கள். பாகம் வாரியாக எழுதிய எஸ்டிமேட்டும், கழற்றிய பழைய பாகங்களும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாக்ஸைத் திறக்கும்போது நேரில் இருக்க விடாத கடை வேண்டவே வேண்டாம்.

இப்போது பாய் தேடிக் கொடுத்த வேறொரு பாக்ஸ், புதுப் பேரிங், புது ரிங், புதுக் கேபிளோடு வண்டி ஓடுகிறது. ஆனால் எங்கள் பாக்ஸ் இன்னும் யார் கையிலோ இருக்கிறது. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் யாராவது சமீபத்தில் செகண்ட்ஸ் ஆம்னி பாக்ஸ் வாங்கியிருந்தால், கிளட்ச் ஹவுசிங்கின் இடது கீழ்க் காதைப் பாருங்கள். வெல்டிங் தழும்பு இருந்தால் ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள். பாக்ஸைத் திருப்பிக் கேட்க மாட்டேன். யாரிடம் வாங்கினீர்கள் என்ற விவரம் ஆணையத்தில் கொடுக்க வேண்டும்.