மூன்றடுக்கு மண்புழு உரப்பெட்டி: 11 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சமையலறைக் கழிவை வீட்டுக்குள்ளேயே உரமாக்கித் தரும் என்று விற்கப்படும் மூன்றடுக்கு மண்புழு உரப்பெட்டி ஒன்றை 11 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்களின் பெட்டிகள் சந்தையில் கிடைப்பதால், நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெட்டியின் மூடியில், இதை வாங்கினால் வீட்டுக்கும் இயற்கைக்கும் இடையே சமநிலை வந்துவிடும் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. பெட்டியைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. அந்த வாசகம்தான் இடிக்கிறது.

அமைப்பு எளிமையானது. அடியில் வடிநீர் சேரும் தொட்டியும் அதில் ஒரு சிறு குழாயும், அதன்மேல் துளையிட்ட அடிப்பாகம் கொண்ட மூன்று தட்டுகளும், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுத் துளைகள் உள்ள மூடியும் இருக்கின்றன. புழுக்கள் 500 கிராம், துணிப்பையில் தனியாக வந்தன. ஐசீனியா ஃபெடிடா எனப்படும் இந்தச் செம்மண்புழு, மண்ணை ஆழமாகத் துளைத்து வாழும் இனமன்று. நிலத்தின் மேற்பரப்பில் மட்கிக்கொண்டிருக்கும் இலைதழைகளுக்கு நடுவே வாழ்வதால், ஆழமில்லாத தட்டே அதற்குப் போதும். பெட்டி வந்த அட்டையைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து பரப்பியதே அவற்றின் முதல் படுக்கை ஆயிற்று. அட்டைக்குள் இருந்த தெர்மாகோலை என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரியும் இல்லை. அது இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

கையேட்டின் கணக்கில்தான் முதல் தவறு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு போடலாம் என்கிறது அது. நல்ல நிலையில் இருக்கும் செம்மண்புழு ஒரு நாளில் தன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு தின்னும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. அதன்படி 500 கிராம் புழுவுக்கு 250 கிராம் கழிவுதான் வருகிறது. அதுவும் புழுக்கள் புது இடத்துக்குப் பழகிய பிறகு. கையேட்டை நம்பி, வீட்டில் சேர்ந்த அனைத்தையும் கொட்டினேன். நான்காவது வாரத்தில் ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தபோது அதன் உட்புறம் முழுக்கப் புழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாகத் தொங்கின. அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. மேல்தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்தினேன்; விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. நன்றாக இருக்கும் படுக்கையில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது.

நடந்தது இதுதான். காய்கறித் தோலில் தழைச்சத்தும் நீரும் மிகுதி, கரிமம் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால்தான் மட்குதல் சீராக நடக்கும். அட்டை, காய்ந்த இலை போன்ற பழுப்புக் கழிவு இல்லாமல் பச்சைக் கழிவை மட்டும் குவித்தால், நீர் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. காற்று உள்ளே போவதில்லை. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி நாற்றமடிக்கும் வாயுக்களை உண்டாக்குகின்றன. தோலின் வழியே மூச்சுவிடும் புழுவுக்கு மேலே ஏறித் தப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கழிவில் பாதியை வெளியேற்றி, கிழித்த அட்டையை இரு கை நிறையப் போட்டு, புளிப்பை முறிக்கப் பொடித்த முட்டை ஓட்டைத் தூவி, மூடியைத் திறந்துவைத்து மேலே விளக்கை எரியவிட்டேன். வெளிச்சம் ஆகாத புழுக்கள் கீழே இறங்கிவிட்டன. நான்கு நாளில் நாற்றம் நின்றது.

இதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர்கள், நான்காவது தட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தப் பொருளை மதிப்பிடும்போது நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்தப் பதிலைத்தான். கழிவு மிகுந்தால் தட்டைக் கூட்டு என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, கழிவைக் குறை என்று சொல்லத் தோன்றவில்லை. தட்டு வாங்குவதற்குப் பதிலாக ஒரு வாரம் கழிவை எடைபோட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 700 கிராம் வந்தது. அதில் பாதிதான் தோலும் காம்பும். மீதியெல்லாம் குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசையில் மறந்துபோய் வாடிய கீரையும், தேவைக்கு மேல் சமைத்து மிஞ்சிய உணவும். உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்தக் கணக்கில் என் வீட்டுக் கீரையும் அடக்கம். வாங்குவதைக் குறைத்த பிறகு இப்போது நாளுக்கு 300 கிராமுக்குள் நிற்கிறது. அதற்குள் புழுக்களும் பெருகிவிட்டதால் பெட்டி திணறுவதில்லை.

புழுக்கள் ஓர் அளவுக்கு மேல் பெருகவும் இல்லை. எலுமிச்சை வடிவில் கடுகைவிடச் சற்றே பெரிய முட்டைக்கூடுகள் தொடக்கத்தில் எங்கு கிளறினாலும் தென்பட்டன. ஏழாவது மாதத்துக்குப் பிறகு தேடிப்பார்த்துத்தான் காண முடிகிறது. இடமும் இரையும் நெருக்கடியானால் செம்மண்புழு இனப்பெருக்கத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பெட்டியின் மிக நுட்பமான பகுதி இதுதான். நிறுவனம் இதை எங்கும் விளம்பரப்படுத்தவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் கையேடு உதவாது. முதலில் சலவை இயந்திரத்தின் அருகில் வைத்திருந்தேன். இயந்திரம் சுழலும் நாளெல்லாம் புழுக்கள் கலைந்து ஓடின. 1881இல் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்ட சார்லஸ் டார்வின், தொட்டியில் வளர்த்த புழுக்களுக்குப் பியானோ வாசித்துப் பார்த்திருக்கிறார். இசைக்கு அசையாத புழுக்கள், தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒளிந்துகொண்டன. சலவை இயந்திரம் பியானோவைவிடப் பொல்லாதது. நேரடி வெயிலும் ஆகாது. 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே இந்தப் புழுவுக்கு ஏற்றது.

உரத்தைப் பொறுத்தவரை ஏமாற்றமில்லை. அடித்தட்டு நிரம்பி, கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு பொலபொலவென்று உதிர நான்கு மாதங்கள் ஆயின. ஆனால் புழுக்கள் தாமாகவே மேல்தட்டுக்கு ஏறிவிடும் என்பது பாதி உண்மை. எஞ்சியவற்றை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கையால் பொறுக்கினேன். குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. அதில் வடியும் நீரை அமிர்தம் போலப் புகழ்கிறது கையேடு. பாதி மட்கிய கழிவிலிருந்து வடிவதுதான் அது; முற்றிய உரத்தின் வழியே நீரை ஊற்றி வடித்தெடுக்கும் மண்புழு வடிநீரோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்து மடங்கு நீர் கலந்து, நாம் உண்ணாத செடிகளுக்கு மட்டும் ஊற்றுகிறேன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள யோசனைதான் அறவே தவறானது. மிகுதியான புழுக்களை அருகிலுள்ள காட்டில் விட்டு இயற்கைக்குத் திருப்பித் தரலாமாம். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகள் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் வளர்ந்தவை. அங்கே மெதுவாக மட்கும் சருகுப் படுக்கையை நம்பியே காட்டுப் பூச்செடிகளும் இளமரக்கன்றுகளும் வேர்பிடிக்கின்றன. ஐரோப்பியரின் குடியேற்றத்தோடு வந்து சேர்ந்த புழு இனங்கள் அந்தச் சருகைத் தின்று தீர்த்து வருகின்றன. ஒரு தட்டில் நன்மை செய்யும் உயிர், இடம் மாறினால் கேடாகலாம். அச்சிடும் முன் யாராவது இதை ஒரு முறை யோசித்திருக்கலாம்.

இதற்கு மாற்றாகச் சில மணி நேரத்தில் உரம் தருவதாக விற்கப்படும் மின்கருவிகள் பெரும்பாலும் கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைப்பவை. வெளிவருவது உலர்ந்த கழிவு. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு அவை பயன்படலாம், ஆனால் உரம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். பெரிய குடும்பத்தின் கழிவு முழுவதையும் இதில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களும், வாரத்தில் இருமுறையாவது மூடியைத் திறந்து பார்க்க நேரமில்லாதவர்களும் வாங்க வேண்டாம். மற்றவர்கள் வாங்கும்போது ஒரு சமையலறைத் தராசையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்; கையேட்டைவிட எனக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது.