ரெட்டிச்சாவடி தாண்டும்போது எதைக் கேட்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏறினால் புதுச்சேரி பேருந்து நிலையம் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. தூரம் என்னவோ இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆனால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வோர் ஊரையும் விசாரித்துவிட்டுத்தான் பேருந்து நகரும். போக ஒன்று, வர ஒன்று என்று வாரத்துக்குப் பத்து மணி நேரம் காதுகள் சும்மா இருக்கின்றன. அந்தப் பத்து மணி நேரத்துக்கு நான்கு பாட்காஸ்ட்டுகள், அதாவது இணையத்திலிருந்து இறக்கிக் கேட்கும் பேச்சு நிகழ்ச்சிகள், என் கைப்பேசியில் போட்டி போடுகின்றன. நான்குமே வாரம் ஒருமுறை வருபவை. நான்கிலும் தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றிய பேச்சுதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி ஒருநாள் கேட்டார்: "அண்ணே, ஒன்றே ஒன்று கேட்பதென்றால் எதைக் கேட்கட்டும்?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. செய்திக்காக என்றால் எதுவுமே வேண்டாம். வாரப் பாட்காஸ்ட் வந்துசேர்வதற்குள் எல்லாச் செய்தியும் கைப்பேசியில் வந்து பழசாகிவிடுகிறது. ஆறிப்போன செய்தியை வைத்து இவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நான்கில் மூத்தது திஸ் வீக் இன் டெக். 2005 ஏப்ரலில் லியோ லபோர்ட் என்ற அமெரிக்க ஒலிபரப்பாளர் தொடங்கியது. ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்ததே அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். கலிஃபோர்னியாவில் ஞாயிறு பிற்பகல் பேசுவது நமக்குத் திங்கள் விடியற்காலை என்பதால், வாரத்தின் முதல் பேருந்துக்குச் சுடச்சுட இதுதான் கிடைக்கும். வாராவாரம் விருந்தினர்கள் மாறுவார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்தவர்களின் பேச்சுபோல இருக்கும்: கூகுள் வழக்கில் தொடங்கி, யாரோ ஒருவர் சிறுவயதில் வாங்கிய கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர இருபது நிமிடம். பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. திங்கட்கிழமை போவதையும் வருவதையும் விழுங்கிவிட்டுச் செவ்வாய்க்கும் மிச்சம் வைக்கும்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் பேருந்துக்கு ஆகாது. நான்கு அமெரிக்கக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரம் பார்த்து ஓட்டுநர் ஏர் ஹாரனை அழுத்துவார்; நகைச்சுவையின் முடிவு மட்டும் காணாமல் போகும். நடுவில் விளம்பரங்கள் வேறு. கன்னியக்கோவிலில் ஏறிய கூட்டம் என் தோளில் சாய்ந்திருக்க, நிறுவனங்களுக்கான இணையப் பாதுகாப்புச் சேவையை வாங்கச் சொல்லி ஒருவர் பத்து நிமிடம் வற்புறுத்திக்கொண்டிருப்பார்.

ஹார்ட் ஃபோர்க் இதற்கு நேர் எதிர். நியூயார்க் டைம்ஸ் தயாரிப்பு. கெவின் ரூஸ், கேசி நியூட்டன் என்ற இதழாளர்கள் இருவர்தான். வெட்டித் தைத்து, சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அதாவது ஒரு கடலூர்–புதுச்சேரி. ஹாரனுக்கு நடுவிலும் எந்தக் குரல் யாருடையது என்பதில் குழப்பம் வராது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். அடுத்த மாதக் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இதைவிட நல்ல ராசி ஒரு நிகழ்ச்சிக்கு அமையாது. 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் பிங் அரட்டை இயலி (சாட்பாட்) ரூஸிடம் காதல் சொல்லி, மனைவியை விட்டு வரச்சொன்ன கூத்தை அவரே வந்து விவரித்தார். செய்தியில் படித்தவனுக்கும், அது நடந்தவர் வாயால் கேட்டபோது வேறாகத்தான் இருந்தது.

இவர்களிடம் ஒரு நேர்மையும் உண்டு. ஓப்பன்ஏஐ மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வழக்குத் தொடுத்திருக்கிறது. அந்த நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்கள். குறை என்னவென்றால், செயற்கை நுண்ணறிவைத் தவிர உலகில் வேறு தொழில்நுட்பமே இல்லையோ என்று சில வாரங்களில் தோன்றிவிடும். பிரிண்டர் இன்னும் ஓடவில்லையே ஐயா என்று கத்தவேண்டும்போல் இருக்கும். பழைய பகுதிகளைக் கேட்கச் சந்தா கட்டவேண்டும்.

மூன்றாவது செக்யூரிட்டி நவ். லபோர்ட்டின் வீட்டுப் பிள்ளைதான் இதுவும். 2005 ஆகஸ்டில் பிறந்தது. ஸ்டீவ் கிப்சன் என்ற முதிய நிரலாளர் தான் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துக்கொண்டே விளக்குவார், லபோர்ட் இடையிடையே கேட்பார், அவ்வளவுதான். 999ஆம் பகுதியோடு நிறுத்திவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மனம் மாறி ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். நமக்குப் புதன் காலை கிடைக்கும். ஒரு குரலே நீண்டு ஓடுவதால் தாலாட்டும் தன்மை உண்டு: ஒரு மாலை மஞ்சக்குப்பத்தில் இறங்க வேண்டியவன் கண் விழித்தபோது கெடிலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் நடத்துநர் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

இருந்தும் எனக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல 2024 மார்ச் மாதக் கடைசி போதும். லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் வெளியாள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் செருகப்பட்டிருந்தது. செருகியவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, தனியாளாக அதைப் பராமரித்துவந்தவரின் நம்பிக்கையைப் பெற்றவர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணியாற்றும் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட், தொலைவிலிருக்கும் கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். எங்கள் அலுவலக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். சனிக்கிழமையே செய்தி தெரிந்துவிட்டது. என்ன நடந்தது என்பது மட்டும் புரியவில்லை. சுருக்கும் மென்பொருளுக்கும் உள்நுழைவுக்கும் என்ன தொடர்பு?

புதன்கிழமை கிப்சன் அதைத்தான் எடுத்துக்கொண்டார். சில லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்எச் சேவை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காக ஒரு நிரல் நூலகத்தை (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) சேர்த்துக்கொள்கிறது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்து வருகிறது. கல்யாணத்துக்கு அழைத்தவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த மூன்றாம் ஆள் கதை. பின்வாசல் இருந்தவை 5.6.0, 5.6.1 என்ற புத்தம் புதிய பதிப்புகள் மட்டுமே. பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் சோம்பேறித்தனம் அன்று எங்களைக் காப்பாற்றியது.

கடைசியாக ஆக்சிடென்டல் டெக் பாட்காஸ்ட். மார்கோ ஆர்மென்ட், கேசி லிஸ், ஜான் சிராக்யூசா மூவரும் 2013இல் கார்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்தப் போய், பேச்சு கணினிப் பக்கமே சாய்ந்ததால் பிறந்தது. இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி ஆப்பிள் புராணம். ஆப்பிள் பொருள் ஒன்றுகூட இல்லாத என்னைப் போன்றவனுக்கு இது அடுத்த தெருக் கல்யாணம்தான். ஆனாலும் கேட்கிறேன். காரணம், இவர்கள் முதலில் பேசுவது போன வாரத்தைப் பற்றி. நேயர்கள் எழுதிய திருத்தங்கள், தாங்கள் தவறாகச் சொன்னவை, பாதியில் விட்டவை எல்லாவற்றையும் பொறுமையாகத் தீர்த்துவிட்டுத்தான் புதுச் செய்திக்கு வருவார்கள். திஸ் வீக் இன் டெக்கில் ஒருவர் தவறாக அடித்துவிடுவதை அடுத்த வாரம் வரும் வேறு விருந்தினர் எப்படித் திருத்துவார்? ஆள் மாறிவிட்டாரே.

இந்தத் திருத்தும் பழக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2025 மே மாதத் தொடக்கத்தில், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பான்மை இந்தியாவில் தயாரானவையாக இருக்கும் என்று ஆப்பிளின் டிம் குக் அறிவித்தார். அமெரிக்காவில் எங்கும் வரி, விலை, சீனா என்றே பேச்சு. 'இந்தியா' என்பது அவர்களுக்கு ஒரு சொல். எனக்கோ அது ஐபோன் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர். எங்கள் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போய், விடுதியில் தங்கி, பொங்கலுக்கு வந்து போகும் பெண். நான்கில் எந்த நிகழ்ச்சியும் அந்த விடுதிவரை வந்து நான் கேட்டதில்லை. அதைப் பேசவேண்டியவர்கள் நாம்தான். ஆனால் தமிழில் தொழில்நுட்பம் என்றால் இன்னும் கைப்பேசிப் பெட்டியை மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டுவதுதான் அதிகம். நான்கு பேர் உட்கார்ந்து வாரம் தவறாமல் சண்டை போடும் நிகழ்ச்சிக்கு நான் ஏங்குகிறேன்.

தம்பி யூடியூபில் பார்த்தால் போதாதா என்று கேட்டதற்கு ஃபெஞ்சல் புயலைத்தான் நினைவூட்டினேன். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பக்கம் மின்சாரமும் போய், கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தபின், முன்பே இறங்கியிருந்த ஒலிக்கோப்புகள் மட்டும் இருந்தன. நொடிக்கு 64 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 29 மெகாபைட்கூட ஆகாது. காணொளிக்கு இந்தச் சிக்கனம் வராது.

கடைசியில் தம்பிக்கு ஹார்ட் ஃபோர்க்கைச் சொன்னேன். ஒரு பயணத்தில் முடியும், ஆங்கிலமும் தெளிவாக விழும். எனக்கு ஒன்றுதான் என்றால் செக்யூரிட்டி நவ். தூக்கம் வந்தாலும் பரவாயில்லை. திஸ் வீக் இன் டெக்கை ஞாயிற்றுக்கிழமைத் துணி மடிக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டேன், அதன் நிதானத்துக்கு அதுதான் பொருத்தம். ஆக்சிடென்டலில் முதல் அரை மணி நேரம் மட்டும் கேட்கிறேன்.

தம்பியோ இப்போது எதையும் கேட்பதில்லை. புதன்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் "கிப்சன் என்ன சொன்னார் அண்ணே?" என்கிறார். அரியாங்குப்பம்வரை கேட்டதைச் சொல்கிறேன். மீதி வியாழன் காலை.