பேராசையும் பொறாமையும் ஒண்ணாம்: ஒரு அகராதி ஆப் ரிவ்யூ

ஒரு தமிழ் அகராதி ஆப்ப ஆறு மாசமா யூஸ் பண்றேன். பேர் வேண்டாம், நல்ல மனசோட செஞ்சிருக்காங்க. நெட் இல்லாமலும் ஓடும், எழுத்து பெருசா தெரியும், தேடினா டக்குன்னு வரும், அது வரைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனா இன்ஸ்டால் பண்ணும்போதே காண்டாக்ட் வேணும் லொகேஷன் வேணும்னு கேட்டுச்சு. அர்த்தம் பாக்க வந்தவன் எங்க இருந்தா உனக்கென்ன?

ஒரு கட்டுரைக்காக ஆசை சம்பந்தப்பட்ட வார்த்தையா தேடிட்டு இருந்தப்பதான் வண்டவாளம் தெரிஞ்சுது. பேராசைன்னு போட்டா "இணைச்சொற்கள்: பொறாமை, நப்பாசை, கஞ்சத்தனம், பற்று"ன்னு மொத்தமா கொட்டி வெச்சிருக்கான். எப்படிங்க இது? பொறாமைங்கறதே பொறுக்க முடியாம இருக்கறது, அடுத்தவனுக்கு கிடைச்சுடுச்சேன்னு வயிறு எரியறது, அந்த பொருள் எனக்கு வேணும்னுகூட அவசியமில்ல. திருக்குறள்ல அழுக்காறாமை, அதாவது பொறாமைப்படாம இருக்கறது, 17ஆவது அதிகாரம், அதுக்கு அடுத்த 18ஆவதே வெஃகாமை, அதாவது பிறர் பொருளுக்கு ஆசப்படாம இருக்கறது. பக்கத்து பக்கத்துல வெச்சாலும் ரெண்டும் வேறன்னு வள்ளுவரு தனித்தனியா பத்து பத்து குறள் எழுதிருக்காரு, இவங்க ஒரு கமா போட்டு முடிச்சுட்டாங்க.

நப்பாசை இன்னும் மோசம். கிடைக்காதுன்னு தெரிஞ்சும் ஒருவேளை கிடைச்சுடாதான்னு உள்ளுக்குள்ள ஒண்ணு இருக்கும்ல, அதுதான் நப்பாசை, ரிசல்ட்ல நம்பர் இல்லன்னு தெரிஞ்சும் மறுபடி மேலேர்ந்து கீழ வரைக்கும் பாக்கறோமே, அது. பாவம் அதுல பேராசை எங்க இருக்கு! கஞ்சன் கதை வேற, அவனுக்கு புதுசா எதுவும் வேண்டாம், இருக்கறது போகக்கூடாது, எச்சக்கையால காக்கா ஓட்டமாட்டான்.

அப்புறம் பொசசிவ். இத தேடினா "உடைமை மனப்பான்மை"ன்னு வருது. யாருங்க பேசறா இப்படி? உடைமைன்னாலே எனக்கு பத்திர ஆபீஸ் ஞாபகம் வருது. நாம "அவன் என் மேல ரொம்ப பொசசிவ்டி"ன்னு சொல்றப்ப பாதி புகார், பாதி பெருமை. அந்த "மேல"வ கவனிங்க, பாசமும் மேலதான் வரும், கோவமும் மேலதான் வரும், பொசசிவ்வும் அங்கயே போய் உக்காந்துடுச்சு. அதே ஆள் போன வாங்கி நோண்ட ஆரம்பிச்சா அப்ப வார்த்தை மாறிடும், "சந்தேகப் பிராணி"ம்பாங்க. ஒரு உதாரண வாக்கியம் குடுத்திருந்தா இது புரிஞ்சிருக்கும், இந்த ஆப்புல உதாரணமே கிடையாது, அதான் பெரிய குறை.

வெஃகுன்னு அடிக்க கீபோர்டுல ஃ எங்கன்னு தேடி கண்டுபிடிச்சு போட்டேன். ஆப்பு அந்த ஃ-ஐ முழுங்கிட்டு "வெகு: மிகுதி"ன்னு காட்டுச்சு.

5க்கு 2 ஸ்டார், வேகத்துக்காக. இதையெல்லாம் ஃபீட்பேக்ல எழுதினேன், நன்றின்னு பதில் வந்துச்சு, நேத்து அப்டேட்டும் வந்துச்சு. ஆசையா பிசினாறின்னு போட்டு பாத்தேன். "பிசின் என்பதையா தேடுகிறீர்கள்?"ங்குது.