20 ரிங்கிட் ரிலே செட்: வாங்கலாம், அந்தச் சின்னச் சிவப்பு வயரை வெட்டிவிட்டு

சுங்கை சிப்புட் டவுனில் மோட்டார்சைக்கிள் சாமான் விற்கும் கடைகளில், ஸ்பாட்லைட் பூட்டுவதற்கான இந்த ரிலே செட் ஒரு கண்ணாடிப் பைக்குள் தொங்கும். பெயர் கிடையாது, தயாரித்த கம்பெனி கிடையாது. உள்ளே 4 கால் ரிலே ஒன்று (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), அதற்குச் சாக்கெட், பியூஸ் கூடு, ஹேண்டிலில் மாட்டும் சுவிட்ச், இரண்டு ஸ்பாட்லைட்டுக்குப் போகும் வயர், பேட்டரிக்கு இரண்டு ரிங் டெர்மினல். விலை 20 முதல் 30 ரிங்கிட், கடை முதலாளி தவுக்கேயின் முகத்தைப் பொறுத்து. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு கிளம்புகிறவர்கள், லிந்தாங் சாலைப் பக்கம் செம்பனைக்கு நடுவே இரவில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வாங்குவது இதைத்தான். கப்சாய் என்கிற சின்ன மோட்டாரின் சொந்த லைட்டை நம்பி மண்பாதையில் போக முடியாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பையில் இருப்பது மோசமான சாமான் அல்ல. ஆனால் அதை வயரிங் பண்ணி அனுப்பியிருக்கும் விதம் தப்பு.

பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டும் ரிங் டெர்மினலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு வயர் கிளம்பும். தடித்த சிவப்பு பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் காலுக்கு, அதாவது லைட்டுக்கான கரண்ட் உள்ளே வரும் காலுக்குப் போகிறது, அது சரி. கூடவே ஒரு மெல்லிய சிவப்பும் அதே டெர்மினலில் சேர்த்து அமுக்கப்பட்டிருக்கிறது. அது நேராக ஹேண்டில் சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து 86ஆம் காலுக்கு, அதாவது ரிலேயை இயக்கும் காயிலின் பிளஸ்ஸுக்குத் திரும்புகிறது. சாவியை எடுத்தாலும் சுவிட்ச் போட்டால் லைட் எரியும் என்று அர்த்தம். மழைக்கு ஒதுங்கும்போதோ, பையன் விளையாட்டாகத் தட்டும்போதோ சுவிட்ச் போட்டபடி நின்றுவிட்டால், 40 வாட் லைட் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கப்சாயில் இருப்பது 3 முதல் 5 ஆம்பியர் மணி பேட்டரி. கணக்கை நீங்களே போடலாம்: ஏறக்குறைய ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

அதைவிடப் பெரிய குறை, அந்த மெல்லிய வயர் பியூஸுக்கு முன்னாலேயே பிரிகிறது. அதாவது பேட்டரியில் இருந்து ஸ்டீரிங் கழுத்தைத் தாண்டி ஹேண்டில் வரை பியூஸே இல்லாத ஒரு வயர். ஹேண்டில் திரும்பத் திரும்ப உரசும் இடமும் அதுதான். தோல் தேய்ந்து பிரேமைத் தொட்டால் அணைக்க ஒன்றும் இல்லை. வயரே சிவந்து எரியும், பக்கத்தில் இருக்கும் மோட்டாரின் சொந்த வயர்களையும் சேர்த்து உருக்கும்.

திருத்துவது பத்து நிமிட வேலை. மெல்லிய சிவப்பை ரிங் டெர்மினலுக்கு அருகிலேயே வெட்டி, மிஞ்சிய குச்சியை ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். சுவிட்சுக்குப் போகும் முனையை, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயரில் சேர்த்துவிடுங்கள். ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். மோட்டாரின் சொந்த வயரிங்குக்கு அது கொசுக்கடி. லைட்டின் முழுப் பாரமும் பேட்டரியில் இருந்து ரிலே வழியாகவே போகும். சாவி அணைந்தால் ரிலே விடும், லைட்டும் அணையும். சுவிட்சிலும் அந்த 0.15 மட்டுமே ஓடுவதால் கிட்டில் வரும் மலிவு சுவிட்ச் போதும்.

எந்த வயரில் சேர்ப்பது? முன் பிரேக் லைட் சுவிட்ச் இருக்கும் மோட்டாரில் அதுதான் வசதி, ஹேண்டிலிலேயே இருக்கிறது. அதில் இரண்டு வயர். பிரேக்கை அழுத்தாமலேயே, சாவி போட்டதும் 12 வோல்ட் காட்டும் வயர்தான் வேண்டியது. இன்னொன்றில் சேர்த்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்பாட்லைட் எரியும், நல்ல வேடிக்கை. ஹெட்லைட் வயரைத் தொடாதீர்கள். பழைய கார்பரேட்டர் ஈஎக்ஸ்5 போன்றவற்றில் ஹெட்லைட்டுக்கு வருவது இன்ஜின் காயிலில் இருந்து நேராக வரும் ஏசி. அதை 86இல் கொடுத்தால் ரிலே வண்டு போல் ரீங்காரமிடும், பாயிண்ட் கருகும்.

இனி நிற விஷயம். கிட்டை வாங்கி வீட்டில் பூட்டுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிட்டில் கறுப்பு என்றால் எர்த், அதாவது மைனஸ் பக்கம். யமஹாவிலும் கறுப்பு எர்த், சாவி வழியாக வருவது பழுப்பு. ஆனால் ஹோண்டாவில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வரும் வயர்! ஈஎக்ஸ்5இல் 'கறுப்புக்குக் கறுப்பு' என்று சேர்த்து, எர்த்தைப் பேட்டரியிலும் மாட்டினால், சாவி திருப்பியதும் மோட்டாரின் மெயின் பியூஸ் போய்விடும். இன்ஜின் போச்சு என்று பதறி வொர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சுசுக்கியில் சாவி வயர் ஆரஞ்சு, எர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு. நிறத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே வெட்டுங்கள்.

சேர்ப்பதற்கு கிட்டோடு ஒரு நீலக் கிளிப் கொடுக்கிறார்கள், பிளாயரால் கடிக்க வைக்கும் வகை. அது தோலோடு சேர்த்துச் சில இழைகளையும் வெட்டும். அந்த வழியாக ஈரமும் ஏறும். உரமூட்டை ஏற்றும் மோட்டாராக இருந்தால் உரத்தூசியும் மழையும் கலந்து, சில மாதத்தில் செம்பு பச்சை பூத்துப் பொடியாகிவிடும். கிளிப்பை வீசிவிட்டு, தோலை ஒரு சென்டிமீட்டர் உரித்துச் சுற்றி, ஈயம் வைத்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஈயம் வைத்த இடம் விறைப்பாகும் என்பதால் ஹேண்டில் திரும்பும்போது வளையும் இடத்தில் இணைப்பு வரக்கூடாது.

பியூஸ்: கிட்டில் வருவது மஞ்சள், 20 ஆம்பியர். இந்த வயருக்கு அது பியூஸே இல்லாததற்குச் சமம். பியூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை, லைட்டை அல்ல. இரண்டு 20 வாட் லைட்டுக்கு 3.3 ஆம்பியர், இதிலேயே போன் சார்ஜரும் போட்டால் அதற்கு 1 முதல் 2. ஆகவே பழுப்பு 7.5 போதும், டபுள் ஹார்னும் இதிலேயே வந்தால் சிவப்பு 10. கூட்டைப் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

வயரின் தரத்தைப் பார்க்க ஒரே ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். நல்ல செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு தடை, ஈயமும் ஒழுங்காகப் பிடிக்காது. கிட்டின் லைட் வயர் தோல் மட்டும் தடிப்பாக, உள்ளே 0.5 சதுர மில்லிமீட்டர் அளவே இருக்கும். போக வர 3 மீட்டருக்கு 3.3 ஆம்பியர் ஓடினால் செம்பிலேயே 0.34 வோல்ட் இறங்கும், அலுமினியம் கலந்ததில் அரை வோல்ட்டுக்கு மேல். எல்இடி எரியும்தான், ஹார்ன் சேர்த்தால் தொண்டை கட்டிய மாதிரி கத்தும். தடித்த வழியை மட்டும் 1.25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராக மாற்றினால் போதும், மெல்லிய சுவிட்ச் வயரை அப்படியே விடலாம்.

ரிலே பரவாயில்லை. மேலே 40 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 5, 6 ஆம்பியருக்கு இது தாராளம். குறை, அடிப்பாகம் சீல் செய்யப்படவில்லை. கால்கள் கீழே பார்க்க, சாக்கெட் வயர்கள் ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி மாட்டினால் தண்ணீர் உள்ளே போகாமல் வளைவில் சொட்டிவிடும். கால்கள் மேலே பார்க்க மாட்டி, மாலை மழையில் ஒரு வாரம் ஓட்டினால் லைட்டுக்குக் கரண்ட் போகும் 87ஆம் காலில் துரு தெரியும். இன்னொன்று: காயிலில் கரண்ட் நிற்கும்போது எதிர்வோல்ட் ஒன்று பாயும். எப்ஐ (பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீச்சும்) மோட்டாரில், காயிலின் இரண்டு கால்களான 85க்கும் 86க்கும் நடுவே டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான்) உள்ள ரிலேயை வாங்கிப் போடுவது நல்லது. அந்த வகையில் 86 பிளஸ், 85 எர்த் என்று பார்த்து மாட்ட வேண்டும். மாறினால் டையோடு நேர்வழியாகி பியூஸைத் தின்னும். 5 கால் ரிலே கிடைத்தால் நடுவில் உள்ள 87ஏயைத் தொடாதீர்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் வரும் கால் அது.

எர்த்தைப் பிரேம் போல்ட்டில் மாட்டுவதுதான் இங்கே வழக்கம். பெயின்ட்டும் செம்மண்ணும் சேர்ந்த போல்ட் அது. 85, லைட், சார்ஜர் மூன்றின் எர்த்தையும் பேட்டரியின் மைனஸுக்கே கொண்டு வந்தால் பிற்பாடு தேட வேண்டிய வேலை பாதி குறையும்.

போன் சார்ஜர் போடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல். கிட்டின் சுவிட்ச் ரிலேயையே அணைப்பதால், பகலில் லைட் வேண்டாம் என்றால் சார்ஜரும் நின்றுவிடும். சார்ஜரைப் பேட்டரியில் நேராக மாட்டுவது தீர்வு அல்ல. வோல்ட் காட்டும் சிவப்பு எண்கள் உள்ள சார்ஜர் சும்மா நிற்கும்போதே 15 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர் மணி. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் செல்ப் ஸ்டார்ட் டிக்கென்று மட்டும் சொல்லும். சரியான வழி: 86க்குச் சாவி வயரை நேராகக் கொடுத்துவிடுங்கள். 87இல் இருந்து சார்ஜருக்கு 3 ஆம்பியர் பியூஸோடு ஒரு கிளை, லைட்டுக்கு இன்னொன்று. லைட் கிளையின் சுவிட்சில் இப்போது முழு 3.3 ஆம்பியர் ஓடும் என்பதால் கிட்டின் சுவிட்ச் ஆகாது. 10 ஆம்பியர் சுவிட்ச் ஒன்று தேவை, இல்லை என்றால் இரண்டாவது ரிலே.

பூட்டும்போது மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் பிரேமில் பட்டாலும் பொறி வராது. வயர் எல்லாம் கட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், கழுத்தில் எங்கும் இழுபடக்கூடாது. இடது பக்கம் திருப்பும்போது மட்டும் லைட் மினுக்கினால் தோலுக்குள்ளே இழை அறுந்திருக்கிறது.

பிறகு மீட்டர். சாவி இல்லாமல் 30இல் 12.6 வோல்ட்டை ஒட்டி, 86இலும் 87இலும் பூஜ்யம். சாவியும் சுவிட்சும் போட்டதும் டிக் சத்தம், இரண்டிலும் 12க்கு மேல். லைட் எரியும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் லைட் பிளஸ்ஸுக்கும் நடுவே அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி, எல்லாம் போட்ட நிலையில் பேட்டரியில் 13.5க்கு மேல் வந்தால் சார்ஜிங் தாங்குகிறது. ஓட்டத்திலும் 13க்குக் கீழே நின்றால் லைட்டின் வாட்டைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடையிலேயே பூட்டித் தரச் சொன்னால் 30 முதல் 50 ரிங்கிட் கேட்பார்கள். வேகமாக முடித்துவிடுவார்கள், ஆனால் கிட்டை வந்தபடியே மாட்டுவதுதான் வழக்கம். 'சாவி வயரில் எடுங்கள், நீலக் கிளிப் வேண்டாம், பியூஸ் 7.5' என்று முன்பே சொல்லுங்கள். முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். லைட் எரிந்தால் காசு கொடுக்காதீர்கள். லைட்டின் முகத்தையும் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொல்லுங்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைத்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் சம்மன் கிட்டின் விலையைத் தாண்டும். 7.5 பியூஸ் இரண்டை வாங்கி சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், ராத்திரியில் லிந்தாங் பக்கம் எந்தக் கடையும் திறந்திருக்காது.