இரண்டு கேபிள், ஒரு கோப்பு: மூன்று ஆண்டு பாண்டிங் அனுபவம்

வீட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டியையும் வீடியோ எடிட் செய்யும் கணினியையும் மூன்று ஆண்டுகளாக இரண்டு கிகாபிட் கேபிள்களால் நேரடியாக இணைத்து வைத்திருக்கிறேன். நடுவில் சுவிட்ச் கிடையாது. பல கேபிள்களை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தும் லினக்ஸ் பாண்டிங்கில் பேலன்ஸ்-ஆர்ஆர் முறை: ஒரு பாக்கெட் இந்தக் கேபிளில், அடுத்தது அந்தக் கேபிளில். ஒரே கோப்பை நகலெடுத்தாலும் 1 கிகாபிட்டைத் தாண்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

நாஸில் எழுதும்போது தாண்டியது. அங்கிருந்து படிக்கும்போதோ வேகம் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. இணைப்பைச் சோதிக்கும் பிங்கில் ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால் திரை முழுக்க டூப்ளிகேட் ஏசிகே, அதாவது பெறும் பக்கம் திரும்பத் திரும்ப அனுப்பும் ஒரே ஒப்புதல்.

நெட்வொர்க் கார்டு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியிடம் கொடுப்பதில்லை. கொஞ்சம் சேர்த்து மொத்தமாகக் கொடுக்கும். அதனால் ஒரு கார்டிலிருந்து 1, 3, 5, 7 வந்துவிடும். 2, 4, 6 இன்னொரு கார்டில் காத்துக்கிடக்கும். 3, 5, 7 ஒவ்வொன்றும் வரும்போது பெறும் பக்கம் "2 இன்னும் வரவில்லை" என்கிறது. மூன்றாவது முறை கேட்டதும் அனுப்பும் பக்கம் 2 தொலைந்தே போய்விட்டதென முடிவு கட்டி, அதை மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துவிடும். அப்புறம் பெறும் பக்கத்தில் ஜிஆர்ஓ என்ற வசதி. அடுத்தடுத்த பாக்கெட்டுகளை ஒட்டி மேலே அனுப்புவது அதன் வேலை. 1-க்குப் பின் 3 வந்தால் ஒட்ட முடியாது, சிபியு சுமை கூடும்.

இதைச் சரிசெய்ய டிசிபி (பாக்கெட்டுகளை வரிசை மாறாமல் சேர்க்கும் நெறிமுறை) ரீஆர்டரிங் அளவை, அதாவது எத்தனை முறை கேட்டால் தொலைந்ததாகக் கொள்வது என்ற எண்ணை (இயல்பாக 3), கணினியில் உயர்த்தினேன். பல வாரம் வீண். தப்பாகக் கணிப்பது அனுப்பும் பக்கம்; படிக்கும்போது அனுப்புவது நாஸ். அங்கே உயர்த்திய பிறகுதான் வேகம் ஓரளவு நிலைத்தது. எழுதும்போது ஏன் தொல்லை குறைவு என்பதும் அப்போது புரிந்தது. கணினியின் புதிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ரேக் இருக்கிறது. எத்தனை ஏசிகே வந்தது என்று எண்ணுவதோடு நிற்காமல், எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்கும் முறை அது. 2021-இல் ஆர்எஃப்சி 8985 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. நாஸிலோ பழைய 3.10 கெர்னல்.

நான்கு கேபிள் போட்டாலும் ஒரே டிசிபி இணைப்பு சுமார் 2.3 கேபிள் அளவைத் தாண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என லினக்ஸின் பழைய பாண்டிங் ஆவணமே சொல்லியிருந்தது. அதைப் படித்த பிறகு 802.3ஏடி என்ற இன்னொரு பாண்டிங் முறைக்கு மாறிவிட்டேன். ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில் போகும், வரிசை கலையாது. ஒற்றைக் கோப்பு இப்போது 1 கிகாபிட்டோடு நிற்கிறது. ஆனால் டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போது படம் திக்குவதில்லை. பேக்கப் ஓடும் நேரத்திலும் பெரும்பாலும் அடுத்த கேபிளில் என் எடிட்டிங் தடையில்லாமல் நடக்கிறது.