விக்கிப்பீடியாவை எந்த அளவுக்கு நம்பலாம்? நீண்டநாள் வாசகரின் அனுபவம்

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று யாராவது கேட்டால், எந்தக் கட்டுரையில் எந்த வரியை என்று திருப்பிக் கேட்பேன். பல ஆண்டுகள் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவானது அதுதான். நன்றாகச் சான்று காட்டிய பத்தியும், யாரோ நினைவிலிருந்து எழுதிய பத்தியும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து இருக்கும்.

2005-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை நிபுணர்களிடம் கொடுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சராசரியாக விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. அந்த ஆய்வுமுறையே தவறு என்று பிரிட்டானிக்கா மறுத்தது. அது எப்படியோ, கணிதம், இயற்பியல் போன்றவற்றில் எனக்குப் பெரிய குறை தென்பட்டதில்லை. சிக்கல் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத கட்டுரைகளில்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ‘பிச்சோலிம் போர்’. 1640–41-இல் போர்த்துகீசியருக்கும் மராட்டியருக்கும் கோவாவில் நடந்ததாக 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதப்பட்டது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. ஆனாலும் அது, தரமான கட்டுரைகளுக்கு விக்கிப்பீடியர்களே மதிப்பிட்டுத் தரும் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியைப் பெற்று, 2012 இறுதிவரை நீடித்தது. அடிக்குறிப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே காட்டிய முக்கியமான நூல்களைத் தேடிப் பார்த்தபோது அவை இருப்பதாகவே தெரியவில்லை. அதனால் அடிக்குறிப்புகளின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை. எனக்கு வேண்டிய வரிக்கான குறிப்பைத் திறந்து, அந்த வரி சொல்வதை மூலமும் சொல்கிறதா என்று படிக்கிறேன். ‘சிலர் கருதுகின்றனர்’ என்று மூலத்தில் இருப்பது கட்டுரைக்கு வரும்போது உறுதியான உண்மையாக மாறியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இணைப்பு செத்துப்போயிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) அந்தப் பக்கத்தின் பழைய பிரதி கிடைக்கலாம்.

அப்புறம் தேதி. 2009-இல் இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்தபோது, அவர் சொன்னதாக ஒரு மாணவர் கற்பனை வரிகளை விக்கிப்பீடியாவில் சேர்க்க, பத்திரிகைகள் அதை அப்படியே இரங்கல் செய்தியில் போட்டன. அந்தச் செய்தியையே பிறகு சான்றாகக் காட்டினால் வட்டம் முழுமையாகிவிடும். வரி எப்போது நுழைந்தது என்று, கட்டுரையின் திருத்தங்கள் தேதியோடு பதிவாகும் ‘வரலாறு’ பக்கத்தில் பார்த்து, மூலம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று ஒப்பிட்டால் இது பிடிபடும்.

சர்ச்சைக்குரிய தலைப்பு என்றால், கட்டுரையைத் தொகுப்பவர்கள் விவாதிக்கும் ‘உரையாடல்’ பக்கத்தை முதலில் படிப்பேன். எதை நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள் என்பது அங்கேதான் கிடைக்கும். தமிழ்க் கட்டுரைகளில், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பிறகு புதுப்பிக்காமல் விட்டவை நிறைய. மக்கள்தொகை, பதவி வகிப்பவர் போன்ற தகவல்களை மட்டும் வேறு இடத்திலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மருந்தளவை மட்டும் எந்த மொழி விக்கிப்பீடியாவிலிருந்தும் எடுப்பதில்லை. அதற்கு மருத்துவரையோ மருந்தோடு வரும் குறிப்புத்தாளையோதான் நம்புகிறேன்.