கார் கண்ணாடிக்கு ஆன்ட்டி ஃபாக் ஸ்ப்ரே, வாங்கலாமா?

மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏர்ற ரோட்ல மழை பிடிச்சா உள்பக்க கண்ணாடி முழுசா மங்கிடும், கொண்டை ஊசி வளைவுல எதிர்ல வர்ற பஸ்ஸே சரியா தெரியாது, அதுக்காகத்தான் இத வாங்குனேன். மலைப்பக்கம் அடிக்கடி போறவங்க தாராளமா வாங்கலாம். ஸ்ப்ரேய நேரா அடிக்காம துணில அடிச்சு தேய்ங்க, இல்லன்னா கோடு கோடா நின்னு ராத்திரி எதிர் வண்டி ஹெட்லைட்ல கண்ணு கூசும். தேய்ச்ச முன் கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு, தேய்க்காத பின்சீட் கண்ணாடில பசங்க விரலால படம் வரைஞ்சிட்டு வந்தாங்க!

ஆனா இது ஈரத்த எடுக்காது, தண்ணிய முத்து முத்தா நிக்க விடாம மெல்லிசா பரப்பி விடும், அவ்ளோதான். நனைஞ்ச துணியோட நாலு பேர் ஏறினா இது மட்டும் பத்தாது, ஏசிய போட்டு காத்த கண்ணாடி பக்கம் திருப்பி ரீசர்குலேஷன (உள்ள இருக்குற காத்தையே சுத்த விடுறது) ஆஃப் பண்ணுங்க, குளிருதுன்னா டெம்பரேச்சர ஏத்திக்கோங்க ஆனா ஏசி ஓடணும், அதுதான் ஈரத்த இழுக்கும்.

குறைன்னா, கையால தொடச்சா கோட்டிங் போயிடுது, மறுபடி அடிக்கணும். சென்னைல ஏசி கூலிங் ஜாஸ்தியாகி வெளிப்பக்கம் மங்குதுன்னா கூலிங்க குறைச்சு வைப்பர் போடுங்க, அதுக்கு இத வாங்க வேணாம்.